ஏழு முறை அழுத்திய சுவிட்ச்

பதுளை நகரில் ஒரு கணினிக் கடையின் மாடியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். முதலாளியின் குடும்பம் மூன்று தலைமுறையாகப் புடவை வியாபாரம் செய்தது. அவர் மட்டும் கணினிப் பக்கம் திரும்பி, தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் விற்றார். அதை எழுதுவதும் நான், பொருத்துவதும் நான். பழுதானால் பஸ் ஏறிப் போய் ஏச்சு வாங்குவதும் நான்தான்.

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொழுந்து வாட்டும் மேல்மாடியின் காற்றாடிகளை எங்கள் மென்பொருள் இயக்கியது. நீளமான தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி அடியிலிருந்து காற்று அடிப்பார்கள். காற்று நின்றால் கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். ஐப்பசி மழையில் ஒருநாள் மதியம் எல்லாக் காற்றாடிகளும் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டன. அன்று பறித்த ஈரக் கொழுந்து முழுவதும் பாழ். மேல்மாடியில் வேலை செய்தவரை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தொழிற்சாலை வாசலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றார். நாற்பது வயதிருக்கும்.

"தானா நின்னுபோச்சுங்க. நின்ன பொறகுதான் சுவிச்சத் தொட்டேன். அமுக்கி அமுக்கிப் பாத்தேன், ஓடவே இல்ல. கிளாக்கரய்யா வந்து பாக்கறப்ப என் கை அதுல இருந்திச்சு. அதான் நாந்தான் நிப்பாட்டினேங்கிறாரு."

உள்ளே கணக்கெழுதும் கிளாக்கர் அதையே வேறு மாதிரிச் சொன்னார். "சாப்பிட்டுட்டு வந்து மேல ஏறிப் பாத்தேன். அவன் கை சுவிச்சுல. நான் சத்தம் போட்டுட்டுக் கீழ வந்த கொஞ்ச நேரத்துல காத்தாடி ஓடுது. பயந்து திரும்பப் போட்டுட்டான். இதுல கம்ப்யூட்டரப் பாக்க என்ன இருக்கு?"

தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் யாழ்ப்பாணத்தவர். சம்பவத்தன்று அவர் வேலையாகப் பதுளைக்குப் போயிருந்தார். "பாரும் பிள்ளை," என்று நாற்காலியை நகர்த்தித் தந்தார். "எனக்கு என்ன நடந்ததெண்டு தெரிய வேணும்."

காற்றாடிகளை இயக்கும் கணினி செய்வதையெல்லாம் நேரத்தோடு பதிந்து வைக்க ஏற்பாடு செய்திருந்தேன். அந்தப் பதிவை அப்படியே திறந்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால்தான் அது வரிவரியாக விரியும்: எத்தனை மணிக்கு, எந்த நிரல், என்ன செய்தது. முதலில் கட்டுப்பாடு எதுவும் வைக்காமல் தட்டினேன். வரிகள் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் ஓடின. நிறுத்தி, அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் கேட்டேன். அதுவும் பல்லாயிரம் வரிகள். சம்பந்தமில்லாத நிரல்களை ஒவ்வொன்றாகக் கழித்து மறுபடி தட்டினேன். யாரோ வைத்த தேநீர் ஆறிப்போனது. கண் எரிந்தது. முந்தின நாள் முழுவதும் எல்லப் பக்கத்தில் இன்னொரு தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்திருந்தேன்.

நாலு மணி வாக்கில் அது கண்ணில் பட்டது. பன்னிரண்டு மணி தாண்டிக் கிளாக்கர் அன்றைய அறிக்கையை அச்சிடச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். பிரிண்டரில் தாள் இல்லை. அச்சிடும் வேலையும் காற்றாடியை இயக்கும் நிரலுக்குள்ளேயே இருந்ததால், அது தாளுக்காகக் காத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறது. அதற்கு உயிர் இருக்கிறதா என்று கண்காணிக்கும் இன்னொரு சிறு நிரல், பதில் வராததால் ஆபத்தென்று எண்ணி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகுதான் சுவரிலிருந்த சுவிட்ச் அழுத்தப்பட்ட வரி வந்தது. எண்ணினேன். ஏழு முறை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் சில சமயம் பத்து நிமிடம், சில சமயம் ஒரு நிமிடம்கூட இல்லை. ஒன்றையும் நிரல் கவனிக்கவில்லை. கிளாக்கர் மேலிருந்து கீழே வந்து பிரிண்டரில் தாள் வைத்ததும் நிரல் விழித்து, எல்லாம் ஓடத் தொடங்கியிருக்கிறது.

அச்சிடும் பகுதியை எழுதியவள் நான்.

அலுவலகத் தொலைபேசியில் முதலாளியை அழைத்தேன். "கரண்ட் கூடிக் கொறஞ்சதுல நின்னுச்சுன்னு எழுதிக் குடுத்துடும்மா. அந்த ஆளும் தப்பிச்சிருவான், நமக்கும் பேர் கெடாது. உள்ளத நீ ஓசப்படாம சரி பண்ணிடு."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. நிரலைத் திருத்தினேன். ஒரு பக்கத்தில் கரண்ட் கதையை எழுதி டீமேக்கரிடம் நீட்டினேன். அவர் வாசலில் நின்றவரை உள்ளே கூப்பிட்டு, அவருக்கே அதை வாசித்துக் காட்டினார். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"கரண்டு ஒண்ணும் ஆகலீங்களே," என்றார் என்னைப் பார்த்து. "லைட்டு நல்லா எரிஞ்சிக்கிட்டுத்தான் இருந்திச்சு. கீழ கொழுந்து அரைக்கிற ரோலரும் ஓடுச்சு. எல்லாரும் பாத்தாங்க. நாளைக்கு என்னையப் பொய்க்காரன்னுதாம்மா சொல்லுவாங்க."

டீமேக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் எழுதினதுலதான் பிழை," என்றேன். "நீங்க ஏழு தடவ அமுக்கியிருக்கீங்க. அது இதுல இருக்கு."

"ஏழா? நான் எண்ணலீங்க," என்றார் அவர். பிறகு, "அப்ப அதையே எழுதிக் குடுங்கம்மா."

மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி அதே கட்டளை. தேவையான வரிகளை மட்டும் எடுத்து அச்சிட்டு, நின்ற நேரத்தையும் முதல்முறை சுவிட்ச் அழுத்திய நேரத்தையும் பேனாவால் கோடிட்டுக் காட்டினேன். கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிளாக்கர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "தாள் முடிஞ்சது எனக்கு எப்படித் தெரியும்?" என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார். டீமேக்கர் தாளை மடித்துக்கொண்டு தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவுக்கு நடந்தார்.

இரண்டு நாளில் சுவிட்ச் அழுத்தியவரை வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் மேல்மாடிக்கு விடவில்லை. விறகு அடுக்கப் போட்டார்கள். ஏன் என்று டீமேக்கருக்கும் தெரியவில்லை. துரையின் முடிவு என்றார். அடுத்த முறை போனபோது விறகுக் கொட்டகையிலிருந்து அவர் கையசைத்தார். கிட்டப் போய்ப் பேசியிருக்கலாம். நான் போகவில்லை.

முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. யாரும் போக விரும்பாத மடுல்சீமைப் பக்கத்து மலைத் தோட்ட வேலைகள் மட்டும் அதன்பின் எனக்கே வந்தன. பஸ் நின்றுவிடும் இடத்திலிருந்து கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறுவேன். எதிர்த்துப் பேசத் தெம்பில்லை.