பள்ளத்தூர் வீட்டுப் படங்கள் பூட்டிக்கொண்டபோது

காரைக்குடி செக்காலை சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வேல்பாண்டி கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். ஐ.டி.ஐ.யில் படித்தது வயர்மேன் வேலை. கம்ப்யூட்டரை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை; கெட்டுப்போன பெட்டிகளைப் பிரித்துப் பூட்டியே கற்றுக்கொண்டார். அவசரப்படுத்துகிற வாடிக்கையாளரிடம், "நீங்க ஒரு டீ சாப்பிட்டு வாங்க. பக்கத்துல நின்னீகன்னா அதுக்கு வெக்கம், ஓடாது" என்பார்.

அந்தக் கடை முன்பு பிரவுசிங் சென்டராக இருந்தது. பிளைவுட் தடுப்புகள், தரையெல்லாம் ஒயர், இணைப்பு கிடைக்கும்வரை கீச்சிட்டுக் கத்தும் மோடம். சிங்கப்பூரிலிருக்கும் மகனுக்கு இரண்டு வரி அனுப்ப வரும் தாய்மார்கள் சொல்லச் சொல்ல, வேல்பாண்டி தட்டுவார். "அம்மா அழுதாகன்னு போடாதீக, தம்பி" என்று அழுதுகொண்டே சொல்வார்கள்.

அன்றைய வைரஸ்களை நினைத்தால் இப்போது அவருக்குப் பிரியமாகவே இருக்கிறது. இன்டர்நெட்டைத் திறந்தால் நாம் கேட்ட பக்கம் வராது. பேர் தெரியாத ஏதோ தேடல் பக்கம் வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். எவனோ இலவசம் என்று கொடுத்ததை இறக்கியபோது ஒட்டிக்கொண்டு வந்த டூல்பார்கள் பட்டை பட்டையாக இறங்கி, படிப்பதற்குக் கீழே நாலு விரல் இடம்தான் இருக்கும். சாயங்காலம் கடையைச் சாத்தும்முன் ஒவ்வொன்றாக நீக்குவார். மறுநாள் மதியத்துக்குள் திரும்ப வந்திருக்கும். தொல்லை கொடுக்குமே தவிர, எதையும் கொண்டுபோகாது.

ஒருநாள் லாரி புரோக்கர் பெரியகருப்பன் கையில் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார்.

"வேலு, லண்டன் லாட்டரி எனக்கு விழுந்திருச்சு! மெயில் வந்திருக்கு!"

"அண்ணே, நீங்க டிக்கெட்டு வாங்குனீகளா?"

"இல்ல."

"வாங்காம எப்படி விழும்?"

"அதுக்குப் பேருதான்டா அதிர்ஷ்டம்!"

பேங்க் விவரம் எதையும் அனுப்பக்கூடாது என்று புரியவைக்கப் பாதி நாள் ஆனது. அல்வாவைச் சென்டரே சாப்பிட்டது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் வேல்பாண்டி ஒன்றையே சொல்வார்: "அவசரம்னு மெயில் வந்தா அது நமக்கு வந்ததில்ல. தொடாதீக."

ஆளாளுக்குக் கையில் போன் வந்ததும் சென்டர் காலியானது. அந்த நாட்களில் அவரைத் தாங்கியது பள்ளத்தூர் வீட்டு வேலை. நாச்சியப்பன் என்ற செட்டியாரின் பூர்வீக வீடு; பங்காளிகள் பலருக்கும் பொது. ரங்கூன் காலத்திலிருந்து சேர்ந்த கல்யாண ஆல்பங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, வெளிநாட்டு உறவினர்களுக்கும் மெயிலில் அனுப்பினார். நாச்சியப்பன் மனைவி தேனம்மை ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, யார் யார் என்று சொல்வார். ஒரு படத்தை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார். வீட்டு நடுமுற்றமான வளவில் பந்தி நடக்கிறது. தூண் ஓரம் ஒருவர் வாய்விட்டுச் சிரிக்கிறார்.

"எங்க அப்பச்சி. என் கல்யாணத்தன்னிக்கு. சிரிச்ச முகமா இது ஒண்ணுதான்" என்றார், அப்பாவின் முகத்தைத் தொட்டு.

பின்னொரு மழைக்காலத்தில் ஓடு ஒழுகி, ஆல்பங்களைக் கறையான் தின்றுவிட்டது. அதற்குப்பின் படங்கள் இருந்தது வீட்டுக் கம்ப்யூட்டரில்தான். காப்புப் பிரதி ஒரு ஹார்ட் டிஸ்கில். அதை வேறு ஊரில் வைக்கலாம் என்று வேல்பாண்டி சொன்னதற்குப் பங்காளிகள் ஒப்பவில்லை. பொதுச் சாமானில் ஒரு கரண்டிகூட அந்த வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. பித்தளை அண்டாக்களில் வெட்டியிருப்பதுபோல ஹார்ட் டிஸ்கிலும் வீட்டு இனிஷியலை வெட்டி, சாமான் அறையில் வைத்துப் பூட்டினார்கள். மூன்று பூட்டு, மூன்று பங்காளிகளிடம் சாவி, ஒருவர் தேவகோட்டையில். ஒவ்வொரு முறையும் மூவரையும் கூட்ட முடியாமல், ஜன்னல் கம்பி வழியாக ஒயரை இழுத்து முகப்பிலிருந்த கம்ப்யூட்டரில் நிரந்தரமாகச் செருகிவிட்டார்கள். மூன்று பூட்டுக்குள் இருப்பது பத்திரம் என்று எல்லோரும் நம்பினார்கள். வேல்பாண்டியும்தான்.

போன ஆடியில் தேனம்மை ஆச்சி போன் செய்தார். "வெரசா வாப்பா. படம் எதுவும் திறக்க மாட்டேங்குது. செவப்பா என்னமோ எழுதி நிக்கிது."

கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் பணம் அனுப்பு என்று திரையில் இருந்தது. ரேன்சம்வேர். வேல்பாண்டி முதலில் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினார். பிறகு ஜன்னல் ஒயரைப் பார்த்தார். சாவிக்காரர்களை வரவழைத்து, மூன்று பூட்டையும் திறந்து, டிஸ்கைக் கடைக்கு எடுத்துப்போகாமல் அங்கேயே வேறொரு லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தார். அதுவும் போயிருந்தது. பூட்டு கதவுக்குத்தான், ஒயருக்கு இல்லை.

"யாரோ தங்க வாராகன்னு எழுதியிருந்தாக. ஆள் விவரம் இதுல இருக்குன்னு ஒண்ணு இணைச்சிருந்துச்சு. திறந்தேன்" என்றார் நாச்சியப்பன். வீட்டின் சில அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறார்கள். "வீட்டுக்குக் கடுதாசி போட்ட ஆளுக்குப் பதில் போடாம இருக்கலாமாப்பா?"

கேட்டதைக் கொடுத்தாலும் திறந்துவிடுவார்கள் என்று நிச்சயமில்லை என்றார் வேல்பாண்டி. சைபர் கிரைமில் புகார் கொடுத்தார்கள். இந்த வகைப் பூட்டுக்கு இலவசச் சாவி எதையும் யாரும் வெளியிட்டிருக்கிறார்களா என்று வேல்பாண்டி பல நாள் தேடினார். இல்லை.

ஒருநாள் ஆச்சியே சொன்னார்: "நீ அப்ப பெனாங்குக்கும் சிங்கப்பூருக்கும் படம் படமா அனுப்புனியேப்பா. அதுக எங்க போச்சு?"

அனுப்பிய மெயில் கணக்கு பிரவுசிங் சென்டர் பேரில் இருந்தது; பல வருடம் திறக்காமல் விட்டதில் அழிந்திருந்தது. ஆனால் படங்கள் போய்ச் சேர்ந்தவர்களின் மெயில் பெட்டியில் இருக்கும். வேல்பாண்டி வீட்டுக்குப் புதிதாக ஒரு மெயில் முகவரி தொடங்கி உறவினர் எல்லோருக்கும் எழுதினார்: "அவசரம். வீட்டுப் படங்கள் தொலைந்துவிட்டன. உங்களிடம் உள்ளதை உடனே அனுப்பவும்."

ஒருவரும் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் சிங்கப்பூரிலிருந்து ஆச்சியின் தம்பி மகன் ஆதித்தன் கூப்பிட்டான்.

"அயித்தை, உங்க பேர்ல எவனோ ஏமாத்து மெயில் அனுப்புறான். குடும்பத்துல எல்லாருக்கும் எச்சரிக்கை விட்டுட்டேன். அவசரம்னு வந்தா தொடாதீகன்னு நம்ம வேல்பாண்டி அண்ணன் சொல்லுவாருல்ல?"

தேனம்மை ஆச்சி வேல்பாண்டியைப் பார்த்தார். பூட்டு விழுந்த பிறகு முதன்முறையாகச் சிரித்தார். "அந்த அண்ணன்தான்டா அனுப்புனது!"

அப்புறம் போன் ஓயவில்லை. வருடக்கணக்கில் பேசாதவர்களெல்லாம் திட்டுவதற்காகக் கூப்பிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டு வைத்தார்கள். படங்கள் வரத் தொடங்கின. எல்லாம் சிறியவை. அன்றைய இணைப்பு தாங்காது என்று வேல்பாண்டி தானே சுருக்கி அனுப்பியவை. ஆச்சி ஒவ்வொன்றையும் பார்த்து நகர்த்தினார். பந்திப் படம் அதில் இல்லை.

கடைசியாக, பெனாங்கிலிருந்து நாச்சியப்பனின் அக்கா உமையாள் ஆச்சி வீடியோ காலில் வந்தார்.

"நெசமா நீதானா தேனம்மை? இப்பல்லாம் மொகத்தையே மாத்துறானாம்ல. நம்ம வீட்டுப் பங்காளிகளுக்கு எந்தக் கோவிலு?"

"இளையாத்தங்குடி."

"அது ஊருக்கே தெரியும். உன் கல்யாணத்துல நான் எதுக்குக் கோவிச்சுக்கிட்டேன்?"

"பணியாரம் ஆறிப்போச்சுன்னு."

"அப்ப நீதான். பந்தியில உங்க அப்பச்சி இருக்க படத்தைத்தான் தேடுறியாம்ல, அது எங்கிட்ட இருக்கு."

"அனுப்புங்க அக்கா!"

"அனுப்பல்லாம் மாட்டேன். நான் எதையும் தொடுறதில்ல. மருமகளை விட்டுக் காட்டச் சொல்றேன், அங்குட்டு பிடிச்சுக்க."

பெனாங்கில் ஒரு கம்ப்யூட்டர் திரைமுன் போன் ஆடி ஆடி நின்றது. வேல்பாண்டி தன் பக்கத்துத் திரையை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். தூண், பந்தி, சிரிக்கும் அந்த மனிதர். போனைப் பிடித்திருந்த மருமகளின் விரல் ஓரத்தில் விழுந்து தூணில் பாதியை மறைத்திருந்தது.

"ஆச்சி, விரலை வெட்டி எடுத்துரவா?"

தேனம்மை ஆச்சி திரையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"வேண்டாம்ப்பா. அதுவும் நம்ம குடும்பத்துப் பொண்ணோடதுதானே, இருக்கட்டும்" என்றார்.