பழைய பைத்தானை நீக்கிய சாரதாமணி

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர் சாரதாமணி. பதினோரு ஆண்டுகளுக்கு முன் கூட்டவும் பூட்டவும் என்று வேலைக்குச் சேர்ந்தவர். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. கணவர் வெங்கடாசலம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வருடத்தில் எட்டு மாதம் வடக்கே இருப்பார். கணினி மக்கர் செய்யும்போதெல்லாம் சரிசெய்ய வருகிறவர் என்ன தட்டுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தே சாரதாமணிக்கு அந்தக் கணினிகளை இயக்கும் உபுண்டு மென்பொருள் பழகிப்போனது.

போன மார்ச்சில் விரிவுரையாளர் குணசீலன், நிரல் எழுதும் மொழியான பைத்தானின் புதிய பதிப்பு வேண்டும் என்றார். உபுண்டுவோடு வந்த பழையது இருக்க, சாரதாமணி புதியதையும் ஏற்றிக்கொடுத்தார். அதோடு தொல்லை தொடங்கியது. பிப் என்ற கருவி கொண்டு போடும் துணை நிரல் தொகுப்புகள் பழைய பைத்தானில் போய் உட்கார்ந்தன. மாணவிகள் புதியதைத் திறந்தால், அப்படியொரு தொகுப்பே இல்லை என்றது. இரண்டு இருப்பதால்தானே குழப்பம், பழையதை எடுத்துவிடலாம் என்று சாரதாமணி முடிவு செய்தார்.

முதல் கணினியில் கட்டளை கொடுத்ததும், நீக்கப்போகிறவற்றின் பட்டியல் மளமளவென்று ஓடியது. அவர் படிக்கவில்லை, சம்மதம் என்று தட்டினார். புதிய பைத்தான் நன்றாகவே ஓடியது. தன் மேசையிலிருந்தே மற்ற இருபத்து மூன்று கணினிகளுக்கும் அதே கட்டளையை அனுப்பிவிட்டு ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்தார்.

மறுநாள் பத்து மணிக்குச் செய்முறைத் தேர்வு. ஒன்பது மணிக்கு எல்லாக் கணினிகளையும் போட்டார். இருபத்து நான்கு திரைகளும் கறுப்பு. மூலையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் ஒற்றை வரி மட்டும்.

குணசீலன் வந்து பார்த்துவிட்டு, "என்னங்க்கா இது, கரண்டு ஏதாச்சும் அடிச்சிருச்சா?" என்றார்.

"இல்லீங்க சார். நேத்து நாந்தானுங்க பழைய பைத்தானை எடுத்தேன். எல்லாத்துலயும்."

அவர் கைப்பேசியில் தேடிப் பார்த்தார். "அக்கா, உபுண்டுவோட பாதி வேலை அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுதாம். அதை எடுத்ததும் டெஸ்க்டாப்பும் கூடவே போயிருச்சு. அணைச்சுப் போட்டாத்தான் அது தெரியுமாம். திருப்பிப் போடலாங்களா?"

"போடலாமுங்க. பத்து மணிக்குள்ள மட்டும் ஆகாதுங்க."

குணசீலன் முதல்வரிடம் போனார். தேர்வு இரண்டரைக்குத் தள்ளிப்போனது.

கறுப்புத் திரையில் பெயர் தட்டி நுழைந்து, சாரதாமணி ஒரு கணினியில் மட்டும் பைத்தானையும் டெஸ்க்டாப்பையும் இணையத்திலிருந்து இறக்கினார். கல்லூரி இணையத்தின் வேகத்துக்கு அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாக் கணினியிலும் இப்படி இறக்கினால் பொழுது சாய்ந்துவிடும். இறங்கிய கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனார். மதியச் சாப்பாட்டை மறந்தே போனார். இரண்டரைக்கு இருபத்தொரு கணினி எழுந்துவிட்டது. மூன்று மாணவிகள் மட்டும் காத்திருந்து தேர்வு எழுதினார்கள்.

மூன்றாம் நாள் சாரதாமணிக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நான்கே வரியில் தன் தவறு என்று பதில் எழுதினார். குணசீலன் அதை வாங்கி, புதிய பைத்தானைக் கேட்டது தான்தான் என்று அடியில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

"நீங்க எதுக்குங்க சார்? கட்டளை குடுத்தது நானுங்க."

"இருக்கட்டுங்க்கா."

அடுத்த வாரம் சாரதாமணி உபுண்டுவின் பைத்தானைத் தொடாமல், கணினிக்குள்ளேயே ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனிப் பைத்தான் அறை அமைத்தார். எந்த வகுப்புக்கு எந்தத் தொகுப்போ, அது அந்த அறைக்குள்ளேயே இருந்துகொண்டது. வேலை நான்கு நாள் இழுத்தது.