கல்லை எண்ணாதே, வழியை எண்ணு

மண்டியில் வெங்காயம் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த கணக்குப்பிள்ளை சொன்னார்: "முதலாளி, கோமளா டீச்சர் காலையில தவறிட்டாங்க." சரக்கை அவரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். டீச்சர் வீட்டு வாசலில் நின்றவர்கள், "சாது, அதிர்ந்து பேசமாட்டார்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவரோடு பழகிய யாருக்கும் தெரியும், அது சுத்தப் பொய்.

பின்னத்தை எண்கோட்டில் வைக்கச் சொன்னால், பிள்ளைகள் கரும்பலகையில் குத்துமதிப்பாகப் புள்ளி வைக்கிறார்கள் என்று, ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஐந்தாம் வகுப்புப் பெண்களைத் திருச்சி ரோட்டுக்கே கூட்டிப்போனவர் அவர். ஒரு மைல்கல் பூஜ்யம், அடுத்த மைல்கல் ஒன்று. நடுவில் பர்லாங் கற்கள் மைலை எட்டாகப் பிரித்து நின்றன. சைக்கிளில் வந்த நான் இறங்கிப் பார்த்தேன். "ஓசிப் பாடம்தான் முதலாளி, நின்னு கேளுங்க" என்றார் டீச்சர்.

"கால் மைல்ல போய் நில்லுங்க" என்றதும் என் மகள் ருக்மணி முதலில் ஓடினாள். எட்டில் இரண்டுதான் கால் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் புறப்பட்ட மைல்கல்லையே ஒன்று என்று எண்ணி, முதல் பர்லாங் கல்லில் நின்றுவிட்டாள். "எங்கப்பா முதல் மூட்டையிலேருந்துதான் எண்ணுவாங்க!" என்று வாதம் வேறு.

"மூட்டையை அப்படி எண்ணும்மா. இங்கே கல்லை எண்ணாதே, வழியை எண்ணு. கிளம்பின இடத்துல நீ இன்னும் ஓர் அடிகூட வைக்கலையே! சரி, உன் கால் மைல் சரின்னா, அதே தூரம் நாலு தடவை போனா அடுத்த மைல்கல் வரணும். போய்ப் பாரு."

போனாள். பாதி மைல்தான் வந்தது. கடுகடுவென்று திரும்பி வந்து இரண்டாவது கல்லில் நின்றாள்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் கூட்டம். "பொம்பளைப் பிள்ளைங்களை ரோட்டுல நிறுத்தறதா? இனிமே செய்ய மாட்டேன்னு எழுதிக் கொடுங்க. இல்லேன்னா வேலை கிடையாது" என்றார் செயலாளர். அப்பாக்கள் தலையாட்டினார்கள்.

"கணக்குல தப்பிருந்தா எழுதித் தரேன். பிள்ளைங்க ரோட்டுல நடந்ததுக்கு எழுத மாட்டேன்" என்றார் டீச்சர்.

நான் எழுந்து, "டீச்சர் சொல்றதுதான் நியாயம்" என்றேன்.

"வெங்காயக்காரருக்குப் பள்ளிக்கூடத்துல என்ன பேச்சு?" என்றது ஒரு குரல்.

"வெங்காயக்காரன்தான். உரிச்சா யார் கண்ணு கலங்குதுன்னு பார்ப்போமா?"

சிரித்தார்கள். ஆனாலும் வேலை போயிற்று. டீச்சர் அசரவில்லை. ஜீயபுரத்தில் வேறு பள்ளியில் சேர்ந்தார். சேர்ந்த கையோடு அங்கேயும் பெண்களை ரோட்டுக்குக் கூட்டிப்போனார்.

அவரை வெளியேற்றிய அதே செயலாளர்தான் இன்று டீச்சர் வீட்டுக்குப் பெரிய மாலையோடு வந்திருந்தார். கூட்டத்தில் என்னைப் பார்த்து, "ருக்மணியை மெட்ராஸ்ல காலேஜ் ஹாஸ்டல்ல சேர்க்கறீங்களாமே? தனியாவா?" என்று கேட்டார்.

பெண் பிள்ளை வெளியே நடப்பதற்கு யாரிடமும் சமாதானம் சொல்வதில்லை. டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான்.

"ஆமா, தனியாத்தான்" என்றேன். காரணம் எதுவும் சொல்லவில்லை.