வாசல் பக்கம் இரைச்சல்

"ஜொகூருக்குப் போகப்போறியாமே?" என்று அவர் போனில் கேட்டார்.

அவர், நான் பிரிந்து வந்த கணவர். என் வீட்டுக் கேட்டைத் தாண்டக்கூடாது என்று அவருக்கு நீதிமன்ற உத்தரவு இருந்தது. தங்கா பத்து என்ற ஊரில் நான் கைக்குழந்தையோடு தனியாக இருந்தேன். ஜொகூர் யோசனையை ஒருவரிடமும் சொல்லவில்லை. பிள்ளைக்குத் துணி மாற்றும்போது அதனிடம்தான் சொன்னேன்.

பூட்டை மாற்றினேன். மெத்தையைப் புரட்டினேன். சுவரிலிருந்த சாமி படங்களைக்கூடக் கழற்றிப் பார்த்தேன். ஒட்டுக்கேட்கும் கருவி ஒன்றும் அகப்படவில்லை. அதன்பிறகு வீட்டுக்குள் வாய் திறக்கவே பயமாக இருந்தது. பிள்ளை என் உதட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

அக்காவுக்கு, பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலை ஒன்றில் வயர்லெஸ் கருவிகளைச் சோதிக்கும் வேலை. அவளைத் தெருவுக்கு இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் நேராகத் தொட்டிலருகே இருந்த பேபி மானிட்டரிடம் போனாள். பிள்ளைக்கு வலிப்பு வரும். அதன் சத்தம் சமையலறையில் கேட்க வேண்டும் என்று முன்பு அவரே வாங்கித் தந்த ஜோடிப் பெட்டி. என்னை அங்கேயே நின்று பேசச் சொல்லிவிட்டு, கேட்கும் பெட்டியோடு அக்கா வெளியே நடந்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"தெருமுனை சிம்பாங் வரைக்கும் கேக்குதுலா. இதே மாதிரி பெட்டி இன்னொன்னு இருந்தா போதும், கார்ல உக்காந்தே எல்லாத்தையும் கேக்கலாம்."

தூக்கிப்போடு என்றேன். வலிப்பை நினைத்ததும் நானே அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். பேச்சை வேறு யாரும் கேட்க முடியாதபடி பூட்டி அனுப்பும் புதுப் பெட்டி வாங்கும்வரை அலையையே வீட்டுக்குள் அடக்கிவைக்கலாம் என்றாள் அக்கா. அனுப்பும் சக்தியைக் குறைத்தாள். தெருப்பக்கச் சுவரில் அலுமினியத் தாள் ஒட்டினாள். முன் சன்னலில், அதே அலைவரிசையில் வெறும் இரைச்சலை மட்டும் அனுப்பும் சிறு கருவி ஒன்றை வைத்தாள். சமையலறையில் பிள்ளையின் மூச்சு கேட்டது. தெருவில் இரைச்சல்தான்.

மறுநாள் மத்தியானம் எதிரே ஒரு கார் வந்து நின்றது. திரைச்சீலை இடுக்கில் பார்த்தேன். அவர்தான். காதோரம் வைத்திருந்த பெட்டியைத் தட்டினார், உதறினார். வீட்டை வெறித்துப் பார்த்தார். பிறகு இறங்கி, கேட்டைத் தாண்டி வந்து கதவை இடித்தார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு போலீசைக் கூப்பிட்டேன். முகவரியை இரண்டு முறை சொன்னேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நான் மக்சிக் என்று கூப்பிடுபவர், வெளியே வந்து அவரை அதட்டுவது கேட்டது. போலீஸ்காரர்கள் வந்து அவரையும் அந்தப் பெட்டியையும் கொண்டுபோனார்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. அவர் ஜாமீனில் வெளியே இருக்கிறார். நாங்கள் வேறு வீட்டுக்கு மாறிவிட்டோம். எந்த ஊர் என்று இங்கே எழுத எனக்குத் துணிவில்லை.