முன்வரிசைக் குடுவைகள்

அவளுக்குக் கைராசி என்று பெயர் வைத்தது யாரென்று எனக்குத் தெரியாது. நானில்லை என்பது மட்டும் உறுதி. அவள் வேலைக்குச் சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் லேப் முழுக்க அதே பேச்சு. "இதைக் கைராசிகிட்ட குடு, அவ தொட்டா வளரும்." ஒன்பது வருடமாக அதே அறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து செல் வளர்த்தவள் நான். என் கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை.

நாங்கள் செய்வது ரத்தக்குழாய். காலில் ரத்தக்குழாய் அடைத்துப்போய், எடுத்து மாற்றி வைக்க உடம்பில் வேறு நல்ல குழாயும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்காக. உடம்புக்குள் மெல்லக் கரைந்துவிடும் நூலில், பேனா ரீஃபிள் பருமனுக்கு நெய்த குழாய். அதை அப்படியே வைத்தால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். உட்புறம் முழுக்க உயிருள்ள செல்கள் ஒரே அடுக்காகப் படிந்திருந்தால்தான் ரத்தம் தடையில்லாமல் ஓடும். அந்தச் செல்களைத் தட்டைக் குடுவைகளில் ஊட்டி வளர்ப்பது எங்கள் வேலை. பச்சைக் குழந்தையைவிட அதிகமாகப் படுத்தும். சூடு முப்பத்தேழு டிகிரிக்குக் கீழே இறங்கினால் சுருண்டுகொள்ளும்.

கைராசி இதற்கு முன் ஏழு வருடம் ரத்த வங்கியில் இருந்தவள். எப்பேர்ப்பட்ட ஒளிந்த நரம்பையும் முதல் குத்திலேயே பிடித்துவிடுவாளாம். கணவன் பஸ் டெப்போவில் மெக்கானிக். காலை எட்டு ஐம்பதுக்கு வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவான். இரண்டு பெண் குழந்தைகள். ஒரு பல் உடைந்த கிளிப்பைத்தான் தினமும் தலையில் மாட்டிக்கொண்டு வருவாள். விரல்கள் கட்டைகட்டையாக இருக்கும். இந்த விரலுக்கா ராசி என்று எத்தனையோ முறை உற்றுப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளைத் தவிர வேறெதையும் நான் கவனிக்கவில்லை, அதனால்தான். வீட்டிலும் அதே புராணம். ஒருநாள் என் கணவர் தட்டை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னார்.

"அவளைப் பத்திப் பேசாம ஒரு வேளை சாப்பிடலாமா? நான் கட்டிக்கிட்டது உன்னையா, அந்தப் பொண்ணையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"உங்களுக்கு என்ன, சிரிப்பீங்க" என்றேன். அவர் ஏற்கனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

எங்கள் மேடம்தான் லேப்புக்குத் தலைவி. குறைவாகப் பேசுவார், ஆனால் பேசியது பேசியதுதான். ஒரு திங்கட்கிழமை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முதல் குழாயை ஓர் ஆட்டின் உடம்பில் வைத்துப் பார்க்கப் போகிறோம், அதற்குச் செல்கள் வேண்டும் என்றார். ஒரே ரத்தக்குழாய்த் துண்டிலிருந்து எடுத்த செல்களைச் சமமாகப் பிரித்து, ஆளுக்கு ஆறு குடுவை கொடுத்தார்.

"மூணு வாரம். யாரோடது நல்லா வருதோ, அவங்க செல் ரூம்ல இருப்பாங்க. இன்னொருத்தர் கீழ பம்ப் ரூமைப் பாத்துக்கணும். ரெண்டும் முக்கியமான வேலைதான்."

முக்கியமாம். பம்ப் ரூம் என்பது அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. மேடமே அங்கே மாதம் ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பார். ஒன்பது வருட நாற்காலி என்னைவிட்டுப் போவதா? விடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

குடுவைகளைச் சூட்டில் வைக்கும் பெட்டியான இன்குபேட்டரில் காலியாக இருந்தது ஒரே ஒரு தட்டு. அதில் முன்வரிசையை நான் எடுத்துக்கொண்டேன். சீனியர் என்பதற்கு அந்த மரியாதைகூட இல்லாவிட்டால் எப்படி? அவளுக்குப் பின்வரிசை. குனிந்து, கையை நீட்டி, தன் ஆறையும் உள்ளே தள்ளி வைத்தாள். முதல் வாரம் இருவருடையதும் ஒன்றுபோலவே இருந்தன. என்னுடையதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "அக்கா, எவ்வளவு அழகா இருக்கு உங்களோடது!" என்றாள்.

அன்றோடு முடிந்தது. செல்கள் தின்று வளர வளர, அவை மூழ்கியிருக்கும் ஊட்டத் திரவம் ரோஜா நிறத்திலிருந்து மஞ்சளுக்கு மாறும். இரண்டாவது வாரம் அவளுடைய திரவம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. என்னுடையது வைத்த நாளில் இருந்த அதே ரோஜா நிறத்தில் நின்றது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பார்கள். நான் விஞ்ஞானம் படித்தவள்தான். ஆனாலும் சொல்கிறேன், அவள் கண் பட்டுத்தான் என் செல்கள் வாடின என்று மனதார நம்பினேன்.

வயிறு எரிந்தது. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் இன்குபேட்டர் பக்கம் போகத் தோன்றும். அவளுடையது இன்னும் எவ்வளவு மஞ்சளாகியிருக்கிறது? ஒரு மணிநேரத்தில் என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது என்று புத்தி சொல்லும், கால் கேட்காது. மத்தியானம் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டபடி, சின்னவளுக்குப் போனில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பாள். "ஏழெட்டு?" என்ற குரல் கேட்டால் எனக்கு நிம்மதி. அது கேட்கிறவரை அவள் வரமாட்டாள்.

மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் மேடத்திடம் போனேன்.

"மேடம், இன்குபேட்டர்ல ஏதோ கோளாறு. இல்லன்னா யாரோ அதுல கை வைக்கிறாங்க."

யாரோ என்று சொல்லும்போது என் கண் எந்தப் பக்கம் போனது என்பதை மேடம் கவனித்திருப்பார். மறுநாளே மெஷின் மெக்கானிக் வந்தார். மடிக்கணினியைப் பொருத்தி அரைமணிநேரம் பார்த்தார். நாங்கள் மூவரும் பக்கத்தில் நின்றோம்.

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல மேடம்" என்றார். "கதவு திறக்கிறது ஒவ்வொண்ணும் உள்ள பதிவாகும். ஒரு நாளைக்குப் பதினாலு தடவை திறந்திருக்கு. இப்படித் திறந்து திறந்து மூடினா அது என்ன பண்ணும், பாவம்? அதுல ஆறு தடவை, ஒன்னேகாலுக்கும் ரெண்டுக்கும் நடுவுல."

ஒன்னேகாலுக்கும் இரண்டுக்கும் நடுவில் அவள் படியில் இருப்பாள். அந்தப் படியில் ஏறி இறங்குகிற அத்தனை பேருக்கும் ஏழாம் வாய்ப்பாடு மனப்பாடம்.

பின்வரிசையைப் பார்க்க வேண்டுமென்றால் முன்வரிசையை எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் என் ஆறு குடுவைகளையும் வெளியே எடுத்து, ஏசி காற்றில் சில்லென்று கிடந்த ஸ்டீல் மேஜையில் வைத்துவிட்டு, தலையை உள்ளே விட்டு அவளுடையதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துப் பொருமி முடிய இரண்டு நிமிடம். அந்தப் பதினான்கில் ஒன்றிரண்டு போக மீதியெல்லாம் நான். அவளுடையவை ஆழத்தில், நகராமல், ஓரளவாவது சூட்டில் கிடந்தன. என்னுடையவை குளிரில் கிடந்தன. கண் பட்டதென்னவோ நிஜம்தான். பட்டது என் கண்.

"யாரு?" என்றார் மேடம்.

மறைக்க வழியில்லை, சொன்னேன்.

"நான்தான் மேடம். என்னோடதைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"பாத்துப் பாத்தே கொன்னுட்டீங்க" என்றார் மேடம். கோபமில்லாமல்தான் சொன்னார், அதனால் இன்னும் வலித்தது. "திங்கட்கிழமைலேருந்து பம்ப் ரூம்."

அவர்கள் போனபிறகு நான் மேஜை இழுப்பறையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். கைராசி கதவருகிலேயே நின்றாள்.

"அக்கா, உங்களோடதைப் பாக்கணும்னா வெளிய எடுத்து வெக்க வேண்டியதில்லையே. முன்னாலதானே இருக்கு."

நான் நிமிர்ந்தேன்.

"நீங்க குடுவைக்கு நம்பர் போட்டு வரிசையா வெப்பீங்க. மத்தியானம் பாத்தா மூணுக்கு முன்னாடி அஞ்சு நிக்கும். அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கும் அந்த நாற்காலி வேணும்ல அக்கா."

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. ராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பார்த்தும் பாராததுபோல இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், என்னைப் போலவே அடிவயிற்றில் நெருப்பை வைத்துக்கொண்டு. அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளை எனக்குப் பிடித்தது. பொறாமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பொய் எதற்கு?

இப்போது நான் பம்ப் ரூமில். அவள் வளர்த்த செல்களைப் பூசிய குழாய் இங்கே என் பொறுப்பில் இருக்கிறது. கண்ணாடி உறைக்குள், இதயம் தள்ளுவதுபோலவே பம்ப் திரவத்தைத் தள்ளத் தள்ள, அது ஆறு வாரம் துடித்துப் பழக வேண்டும். பிறகுதான் ஆட்டுக்கு. அறை முழுக்க முப்பத்தேழு டிகிரி. எங்காவது கசிகிறதா என்று விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. பார்ப்பதற்கென்றே என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.

அவளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. என்னிடம் கொடுத்த குழாய் எப்படி இருக்கிறதோ என்று அரைமணிக்கு ஒருமுறை மாடியிலிருந்து இறங்கி வந்து, கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்க்கிறாள். நேற்று நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். சாயங்காலத்துக்குள் பதினோரு தடவை.

பன்னிரண்டாவது தடவை கதவு திறந்தபோது நான் திரும்பிப் பார்க்கவேயில்லை.

"உள்ள வா, இல்ல வெளிய போ" என்றேன். "கதவைச் சாத்து. குளிருது அதுக்கு."