மாஹுல் கழியில் இலை இழுக்கும் நண்டு

அன்று நான் அண்ணனிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லவில்லை. போகாதே என்று சொல்லவில்லை. ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் ரகு அன்று இரவு கனடாவுக்கு விமானம் ஏறுகிறான்; குறைந்தது நாலு வருடம். அங்கே கடலோரக் காடுகளைப் பற்றிய ஆராய்ச்சி. கடலில் கொழுத்த சால்மன் மீன்கள் முட்டையிட ஆறேறி வரும், கரடிகள் அவற்றைக் காட்டுக்குள் இழுத்துப்போய்ப் பாதி தின்று போட்டுவிடும், மிச்சம் மரத்துக்கு உரம். "கடல் மரத்துக்குள்ள ஏறிடறது" என்பான். நம் ஊரிலும் அப்படி ஒன்று நடக்கிறது, செம்பூர் பக்கம் கடல்நீர் ஏறி இறங்கும் மாஹுல் கழியில், கிளம்புவதற்கு முன் இரண்டு பேரும் பார்த்துவிடலாம் என்று பேசியிருந்தோம். காலையில் பார்த்தால் பெட்டி இரண்டு கிலோ அதிகம். அவன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பிக்கொண்டிருந்தான். அந்த அறையில் உட்கார்ந்திருக்க முடியாமல் நான் மட்டும் கிளம்பினேன். மாலை ஆறு மணி வரை ராகு காலம், ஆறே காலுக்கு அவன் வீட்டைவிட்டு இறங்குவான், அதற்குள் வந்துவிடு என்றாள் அம்மா.

9.50க்கு மாடுங்காவில் ரயில். குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறினால் செம்பூர் இரண்டாவது ஸ்டேஷன். ஹார்பர் லைனில் பதினொன்றிலிருந்து நாலு வரை மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயில் ஓடாது. அதற்கு முன்பே இறங்கிவிட்டேன். கழியோரப் படகுத்துறையான ஜெட்டி அங்கிருந்து நாலரை கிலோமீட்டர், ரிக்‌ஷாவுக்கு எண்பது ரூபாய். டிரைவர் தாராவிக்காரர், சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். நண்டு பார்க்கப் போகிறேன் என்றதும் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார்.

"ஏக்கா, நண்டு பாக்கணும்னா மார்க்கெட்டுக்குப் போயிருக்கலாம்லா? வெட்டியே குடுப்பானே."

"திங்க இல்லண்ணா. பாக்கத்தான்."

"சரிதான். ஞாயித்துக்கெழமைன்னா ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு."

ஜெட்டியில் 10.45. சேறும் இல்லை, நண்டும் இல்லை. அலையாத்தி மரங்கள் கழுத்தளவு நீரில் நின்றுகொண்டிருந்தன. கூடையைக் கழுவிக்கொண்டிருந்த கோளி மீனவ அம்மாள் ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஆஜ் பூர்ணிமா ஹை நா!" இன்று பௌர்ணமி ஆயிற்றே, உச்சி வேளையில்தானே கழி நிறையும், வீட்டில் காலண்டர் கிடையாதா என்று ஹிந்தியில் கேட்டார்.

காலண்டர் இருக்கிறது. பௌர்ணமி நல்ல நாள் என்று அம்மா ரகுவுக்கு அந்த விமான டிக்கெட்டை எடுக்கச் சொன்னதே அதைப் பார்த்துத்தான்.

மீனவர் கணக்கை அவரே சொன்னார். திதி எண்ணை முக்காலால் பெருக்கினால் நீர் உச்சத்தில் நிற்கும் மணி. பௌர்ணமி பதினைந்து, ஆக, பதினொன்றே கால். அதிலிருந்து ஆறு மணி நேரத்தில் வற்றிக் கிடக்கும்.

அவர் போன பிறகு ஜெட்டியில் பேச யாரும் இல்லை. பையில் இருந்த புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தைப் பல முறை படித்தேன். இரண்டரைக்குமேல் மரத்தடிகளில் சேறு தெரிந்தது. 3.40க்கு ஒரு நண்டு, கட்டைவிரல் அளவு, மஞ்சளான இலை ஒன்றைப் பிடித்துத் தன் வளைக்குள் இழுத்தது. இலை அகலம், வளை குறுகல்; நண்டு இலையைத் திருப்பிப் பிடித்து மறுபடி இழுத்தது. உள்ளே போய்விட்டது. தின்றது போக மீதி சேற்றில் மக்கும், அதை இறால் குஞ்சுகள் மேயும், இறாலை மீன், மீனைக் கொக்கு. அந்தக் கொக்குகள் இதே மரங்களில்தான் அடையும். கிளைகளுக்குக் கீழே சேறு அவற்றின் எச்சத்தால் வெள்ளையாக இருந்தது. கரடி இல்லாமலே கடல் மரம் ஏறிக்கொண்டிருந்தது.

பார்க்க வந்ததைப் பார்த்தாயிற்று. நாலு மணிக்கு பிளாக்கும் முடிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

5.20க்கு ரகு கூப்பிட்டான்.

"எங்கடீ இருக்க? அம்மா வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துண்டே இருக்கா."

"மெகா பிளாக்."

"நாலுக்கே முடிஞ்சுடுமே?"

"இன்னும் வண்டி வரல."

பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.

"சரி. நண்டு வந்ததா?"

"வந்தது. இலையை உள்ள இழுத்துண்டு போச்சு."

"லக்கிடீ நீ" என்றான்.

நீங்கள் போவதானால் பௌர்ணமி, அமாவாசைக் காலைகளைத் தவிருங்கள். அஷ்டமி நல்லது: ஆறுக்கு உச்சம், பன்னிரண்டுக்கு வற்றம். தேய்பிறையிலும் பிரதமையை ஒன்று என்று வைத்து அதே கணக்கு. சேற்றில் இறங்க வேண்டாம், ஜெட்டியிலிருந்தே தெரியும். தண்ணீர் கொண்டுபோங்கள், நான் இருந்தவரை கடை எதுவும் திறக்கவில்லை. நீர் வற்றக் காத்திருக்கும் நேரம் தனியாக இருந்தால் நீளம். கூட வருகிறேன் என்றவரைப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்க்கவில்லை.

அண்ணன் ஆறே காலுக்குக் கிளம்பினான். நான் வீடு சேர்ந்தபோது ஏழு பத்து.