சீட்டுக்குப் பின்னாடி எழுதுவார்

எக்ஸ்ரே தேவராஜ் அண்ணன் போய்ட்டார். காலையில் பழைய ஸ்டாஃப் குரூப்பில் மெசேஜ் வந்தது...

கீழே வரிசையாகப் பூவும் கும்பிடும். "தங்கமான மனுஷன்"னு முதல் ஆளாகப் போட்டிருக்கறது எங்க பெரிய டாக்டர். படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது எனக்கு.

தொண்ணூறுகளில் ஆரணியில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் டைப்பிஸ்ட். அண்ணன் எக்ஸ்ரே டெக்னீஷியன். டாக்டருங்க அனுப்புற சீட்டில் "செஸ்ட்", "கால்"... அவ்வளவுதான் இருக்கும். என்ன தொந்தரவுன்னு ஒரு வார்த்தை இருக்காது.

படம் பார்த்து ரிப்போர்ட் எழுதறவர் வேலூரிலிருந்து வாரத்துக்கு ரெண்டு நாள் வருவார். பேஷண்ட் முகத்தையே பார்க்க மாட்டார். அதனால அண்ணனே விசாரிச்சு, சீட்டுக்குப் பின்னாடி பென்சிலால் எழுதி வைப்பார்.

ஒரு தடவை சீட்டில் வலது முட்டி. வந்த நெசவாளர் இடது காலை இழுத்துகினு வர்றார். அண்ணன் சீட்டோட பெரிய டாக்டர் ரூமுக்கே போய்ட்டார்.

"திருத்திக் கையெழுத்துப் போடுங்க சார். இல்லாங்காட்டி பேப்பர் ஒண்ணு, படம் ஒண்ணு ஆயிடும்." அத்தனை பேஷண்டுங்க எதிரில்.

மறுநாள் பெரிய டாக்டர் மெமோ போட்டார். டெக்னீஷியன் படம் எடுத்தால் போதும், சீட்டில் எதுவும் எழுதக் கூடாது. டைப் பண்ணது நான். 'இது தப்பு சார்'னு வாயைத் திறக்கல.

அதுக்கப்புறம்தான் சேவூரிலிருந்து அந்த அம்மா வந்தாங்க. சீட்டில் "செஸ்ட்". இருமினா ரத்தம் வருதுன்னு அண்ணன்கிட்ட சொல்லியிருக்காங்க. அண்ணன் எழுதல. ரிப்போர்ட் "நார்மல்". அதையும் நான்தான் டைப் பண்ணேன்.

சில மாசம் கழிச்சு டிபி முத்திப்போய் வந்தாங்க... பிழைக்கல.

அவங்க பழைய படத்தை அண்ணன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடிச்சு எனக்குக் காட்டினார். மேல் ஓரத்தில், எலும்புக்குப் பின்னாடி லேசா ஒரு நிழல்.

"ரத்தம்னு எழுதியிருந்தா வேலூர்க்காரர் இங்க இன்னொரு தபா பார்த்திருப்பாரும்மா. மெமோவுக்குப் பயந்துகினு கம்முனு இருந்துட்டேன்."

மெமோ கொடுத்தவர் நல்லாத்தான் தூங்கியிருப்பார்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. நோய் விவரம் போடாம அடுத்த பக்கம் போகாது. டாக்டருங்க அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வெச்சுட்டுப் போய்டுவாங்க. "முன்ன ஒண்ணும் இல்ல, இப்ப புள்ளி. முன்னேறிட்டோம்மா"ன்னு சிரிச்சார் அண்ணன்...

ஒரே ஊர். பஸ் ஸ்டாண்டில், மார்க்கெட்டில் எத்தனை தடவை எதிரில் வந்தீங்க அண்ணா. அந்த அம்மா விஷயத்தில் எனக்கும் பங்கு இருக்குன்னு நான் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லல. நீங்க ஒருத்தரே சுமந்துகினு போய்ட்டீங்க.

போய்ட்டு வாங்க அண்ணா.